பேனாவா, பெட்டியா, காயா?

பேட்டரிக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: சாமான் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும், சார்ஜ் மட்டும் பெரிய சாமானில் நிற்பதுபோல் நிற்க வேண்டும். அப்படி ஒன்று இன்னும் வரவில்லை என்று சொன்னால், நான் எங்கேயோ உள்ளே ஒளித்து வைத்திருப்பதுபோல் எட்டிப் பார்ப்பார்கள். என்னைப்போலக் கடை வைத்து அவதிப்படுகிறவர்களுக்கு இது புரியும்.

என் கடை தமிழ்நாடும் கேரளாவும் சேருகிற மலைமேல், கம்பம்மெட்டு ஜங்ஷனில் இருக்கிறது. டார்ச், செல், சார்ஜர், தோட்டத்தில் மருந்து அடிக்கும் மிஷினுக்கு பேட்டரி, நெற்றியில் கட்டிக்கொள்ளும் லைட் எல்லாம் உண்டு. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். பேட்டரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து திட்டியதில் கற்றுக்கொண்டது. வீட்டுக்காரர் அந்தோணி ஜீப் ஓட்டுகிறார். கம்பத்திலிருந்து காய் எடுக்க வரும் பெண்களைச் சக்குபள்ளம் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிப்போவது அவர் வேலை.

அவர் சட்டைப்பையில் எப்போதும் பீடிக்கட்டு இருக்கும். போன மழைக்காலத்தில் இருமி இருமி வண்டியை ஓரம் கட்டும்படி ஆகிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இனி பீடி இருக்கணும், இல்லைன்னா மூச்சு இருக்கணும்" என்றார். நான் எதற்கும் கவலைப்படுகிறவள்தான். மழை வந்தாலும் கவலை, வராவிட்டாலும் கவலை. ஆனால் இந்தக் கவலைக்கு டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து கடைக்கு யார் வந்தாலும், பீடியை விட ஏதாவது வழி சொல்வார்களா என்று அவர்கள் வாயையே பார்க்க ஆரம்பித்தேன். இந்தத் துணுக்குகள் எல்லாம் அப்படிக் கிடைத்தவைதான்.

எண்ணெயும் தைலமும்

சுற்றுலா வண்டியிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கி வந்து, "சேச்சி, வேப் உண்டோ?" என்றார். எங்கள் பக்கம் ஏலச்செடிக்கு வேப்பெண்ணெய் அடிப்பார்கள். பாதிப் பெயரைச் சொல்லி மீதியை விழுங்குகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். "வேப்பெண்ணெயா? அடுத்த உரக்கடையில கேளுங்க" என்று அனுப்பிவிட்டேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். "அது அல்ல சேச்சி, வலிக்குந்நது!" என்றார்.

மலையாளத்தில் வலிப்பது என்றால் புகை இழுப்பது. எனக்கு அது தெரியும். ஆனாலும் அவசரத்தில் என் காது தமிழுக்கு ஓடிவிடும். "ஐயையோ, எங்க வலிக்குது?" என்று பதறிப்போய், எனக்கென்று வைத்திருந்த தைல டப்பாவை எடுத்து நீட்டினேன். அப்புறம்தான் அவர் பையிலிருந்து செத்துப்போன ஒன்றை எடுத்துக் காட்டினார். பேட்டரி வைத்த சிகரெட், அதற்குத்தான் வேப் என்று பெயராம். அதற்கு மேல்பாகம் வேண்டுமாம். அதையெல்லாம் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே போனார்:

"எண்ணெயும் ஆயி, தைலமும் ஆயி, இனி ஒரு சோப்பும் கூடி தந்நால் ஞான் குளிச்சிட்டு போகாம் சேச்சி!"

எழுதாத பேனா

பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் என் கடையில் போனைச் சார்ஜுக்குப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அப்படி ஒருநாள் போன்களோடு யாரோ ஒரு பேனாவையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று என் பேனா டம்ளரில் போட்டு வைத்தேன். சாயங்காலம் வரை யாரும் தேடி வரவில்லை. செக்போஸ்ட்டில் வேலை பார்க்கும் சார் ஒருவர்தான் டார்ச்சுக்குச் செல் வாங்க வந்தார். யாரோ போனில் சொன்ன நம்பரைக் குறிக்க டம்ளரில் கைவிட்டு, சரியாக அதையே எடுத்தார். எழுதவில்லை. திருகினார். நுனியில் நீலமாக லைட் எரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாக மாதாவைக் கூப்பிட்டேன்.

நல்ல மனுஷர். நடந்ததைச் சொன்னதும் நம்பினார். அது எப்படி வேலை செய்கிறது என்றும் விளக்கினார். கீழ்ப்பாதி பேட்டரி, மேல்பாதி, சூடானால் புகையாகிற மருந்து உள்ள குப்பி. பேனா ஒல்லி என்பதால் பேட்டரியும் ஒல்லி, மத்தியானத்துக்குள் உயிர் போய்விடும். சோப்புப்பெட்டி அளவில் ஒரு ரகம் இருக்கிறதாம். அது பையைக் கிழிக்கிற கனம், ஆனால் நாளைக்கும் நிற்கும். செக்போஸ்ட்டில் வண்டிகளைச் சோதித்துப் பறிமுதல் செய்தே இத்தனையும் தெரிந்துகொண்டாராம். பேனாவைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, கேட்டு வந்தால் தன்னிடம் அனுப்பச் சொன்னார். யார் போவார்கள்! எனக்கோ அந்தப் பயத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. "சாரே, இதை ஊதினா பீடியை விட்டுடலாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் செல்லைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"சேச்சி முதல்ல பயந்து முடிங்க, சந்தேகம் பின்னே கேக்கலாம்."

விட்டுப்போன லைட்

கம்பத்துக்காரப் பையன் ஒருவன் நெற்றி லைட்டுகளை எல்லாம் பிரித்துப் பார்த்தான். வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, பின்னால் இருக்கும் பேட்டரியைத்தான் பார்த்தான். குண்டு பேட்டரி போட்ட லைட்டாகப் பார்த்து ஒன்றை வாங்கினான். கடை வாசலிலேயே பேட்டரியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, லைட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். என் சர்வீசில் பழத்தை விட்டுவிட்டுத் தோலை வாங்கிப்போன ஆளை அன்றுதான் பார்த்தேன்.

மறுவாரம் வந்தான். சட்டைப்பை இருந்த இடத்தில் கருகின ஓட்டை. பெட்டி ரகச் சிகரெட்டில் அந்தப் பேட்டரியைப் போட்டிருக்கிறான். அளவு சரியாகத்தான் இருந்ததாம். ஆனால் லைட்டுக்கு மெதுவாகக் கொடுக்கிற பேட்டரி அது. பெட்டி ஒரே இழுப்பில் முழுவதையும் கேட்கும். பாவம், சூடேறிப் புகைந்திருக்கிறது. சட்டையைக் கழற்றி எறிந்ததால் உடம்பு தப்பியது. நான் அவன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, மாதாவுக்கு நன்றி சொல்லி, லைட்டை அவன் கையிலேயே கொடுத்தேன். வேறு பேட்டரி போட்டு வெளிச்சத்துக்கு வைத்துக்கொள் என்றேன். வாங்கிக்கொண்டு என்னையே குறை சொன்னான்:

"யக்கா, லைட்டு எரியும்னுதான சொன்னீங்க, சட்டையும் எரியும்னு சொல்லலையே!"

மலையேறிய மாம்பழம்

கோவிந்தாபுரத்து மாம்பழ வியாபாரி ஒருவர் சம்பந்தி வீட்டுக்கு வருகிறபோதெல்லாம் என் கடையில் சார்ஜர் வாங்குவார். அன்று வரும்போதே அவர் மேல் மாம்பழ வாசம். தொழில் வாசம் என்று நினைத்தேன். பார்த்தால் சட்டை முன்பக்கம் எல்லாம் பிசுபிசு. மாம்பழ வாசம் போட்ட மருந்தை ஊற்றி ஊற்றி நிரப்புகிற ரகச் சிகரெட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். மலையேற ஏறக் குப்பிக்குள் இருக்கும் காற்று மருந்தை வெளியே தள்ளிவிட்டது. மூடி ஒட்டின ரகம் ஒழுகாதாம், ஆனால் சின்னது, சீக்கிரம் தீர்ந்துவிடுமாம். நிரப்புகிற ரகம் நாள் கணக்கில் வருமாம், ஆனால் மலை ஏறக் கூடாதாம். நான் ஈரத்துணி கொடுத்தேன். கடையில் இருந்த ஈயெல்லாம் அவருக்குத் துணை.

துடைத்துக்கொண்டே, சிகரெட்டை விடத்தான் இதைப் பிடித்தேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டேன். ஒல்லி ரகமா, பெட்டி ரகமா, மூடினதா, ஊற்றுகிறதா, எதில் விட்டீர்கள், எங்கள் வீட்டுக்காரருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று மூச்சு விடாமல் கேட்டேன். சட்டம் கிடக்கட்டும், அவர் மூச்சு நின்றால் சட்டமா வந்து ஜீப் ஓட்டும் என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது. வியாபாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பொய் சொல்ல மனசு வராமல், துணியை மடித்துக் கொடுத்தார்:

"ஏனுங்கக்கா, இதைய ஊதித்தானுங்க சிகரெட்ட உட்டேன், இப்ப இதைய உடறதுக்குச் சிகரெட்டு புடிக்கறனுங்க."

காயில்

அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் பேச்சி வந்தாள். எங்கள் வீட்டுக்காரர் ஜீப்பில் வருகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி மாதிரி. லைட்டுக்கு வார் மாற்ற வந்தவளிடம் என் பாரத்தை எல்லாம் கொட்டினேன். பேட்டரி சிகரெட்டுக்குள் சூடாகிப் புகை விடுகிற கம்பிச்சுருளுக்குக் காயில் என்று பெயர். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. "காயில் சாமான் ஒண்ணு வாங்கிக் குடுக்கலாமான்னு பாத்தேன் பேச்சி. வாயில வச்சு உறிஞ்சினா பீடி நெனப்பே வராதாம். அதுவும் ஆகாதுன்னு ஆயிப்போச்சு" என்று அழுதேன். ஜங்ஷனில் லாரி வந்துபோகிற சத்தம். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

எங்கள் ஊரில் காய் என்றால் கத்தரிக்காயா வாழைக்காயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஏலக்காய் ஒன்றுதான் காய். பேச்சி காதில் விழுந்தது அதுதான். மறுநாள் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில், வெடித்துப்போய் விலைக்கு ஆகாத காயாக முதலாளியிடம் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்து வந்திருக்கிறாள். ஜீப்பில் எங்கள் வீட்டுக்காரர் பீடியை எடுத்ததும் கையை நீட்டி ஒரு காயைக் கொடுத்திருக்கிறாள். நான் சொல்லி ஒரு நாளும் கேட்காத மனுஷர், ஜீப் நிறையப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, மறுக்க முடியாமல் வாயில் போட்டிருக்கிறார். அவள் சொன்னதை வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"அண்ணே, அக்கா காய்தான் வேணும்னு அழுதுச்சு, வாயில காய் இருக்கங்காட்டி பீடிய எங்க வைப்பீங்க?"

பாதி வழியில்

தினமும் பீடிக்குப் பதில் காய் என்று எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஒருநாள் மழையில் டயர் பஞ்சர். மாற்றிய களைப்பில், எதிரே வந்த டிரைவரிடம் ஒரு பீடி வாங்கிப் பற்றவைத்துவிட்டார். பேச்சி உடனே இறங்கினாள். அவள் பின்னால் எல்லோரும் இறங்கி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இறக்கத்தில் நடக்க ஆரம்பித்தார்கள். நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்த இடுப்புகள். அவர் ஜீப்பை மெல்ல நகரவிட்டுக் கெஞ்சிக்கொண்டே பின்னால் போயிருக்கிறார். பீடியை எறிந்து, சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டிய பிறகுதான் ஏறினார்களாம். பேச்சி கடைசியாக ஏறினாள்:

"உங்க மூச்சு உங்களுக்கு மட்டும்னு நெனச்சீங்களாண்ணே? அதுலதான எங்க வண்டியும் ஓடுது."

இதைக் கேட்டு நான் அடுப்படியில் நின்று அழுதேன். இந்த முறை வேறு அழுகை. அந்தப் பெண்களிடம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து அவர்கள் லைட் என் கடையில் இலவசமாகச் சார்ஜ் ஆகிறது.

கோயில் படி

எங்கள் மாதா கோயிலுக்கு ரோட்டிலிருந்து செங்குத்தாகப் படி ஏற வேண்டும். போன வருஷம் அவர் பாதியில் உட்கார்ந்துவிடுவார். நான் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொண்டே, பூசை ஆரம்பித்துவிடுமே என்று அதற்கும் கவலைப்படுவேன். போன ஞாயிற்றுக்கிழமை ஏறும்போது திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணோம். எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று கீழே பார்த்துத் தேடினேன். மேலேயிருந்து குரல் வந்தது. கோயில் வாசலில் இடுப்பில் கைவைத்து, ஒரு கன்னம் காயால் புடைத்திருக்க, எனக்காகக் காத்து நின்றார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தது நான்தான். சுற்றிலும் ஆட்கள் சிரிக்க, உரக்கவே கேட்டார்:

"என்ன ஸ்டெல்லா, சார்ஜ் எறங்கிப்போச்சா?"

பேனா, பெட்டி, குப்பி என்று எல்லா ரகத்தையும் விசாரித்துக் களைத்தவளுக்குக் கடைசியில் உதவியது பேச்சி தப்பாகக் கேட்ட ஒரு சொல்தான் என்றாலும், இவர் இனி ஏலக்காயை எப்படி விடப்போகிறார் என்று இப்போதே எனக்குக் கவலையாக இருக்கிறது.