கொதிநீரில் நகவெட்டி

அன்று காலை அறையில் நான் இருந்தேன். ஊத்தங்கரைப் பெண் இருந்தாள். கன்னடம் பேசும் அக்கா இருந்தாள். நாலாவது கட்டில்காரி இரவு ஷிப்டுக்குப் போயிருந்தாள்.

எல்லாருக்கும் ஓசூரில் ஒரே பிஸ்கட் கம்பெனி. பேக்கிங் லைனுக்குள் போக நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். பாலிஷ் கூடாது. கட்டுப்போட்ட விரலும் கூடாது. கேட்டில் கையை நீட்டிக் காட்ட வேண்டும். தேறாதவள் அட்டைப்பெட்டிக் கொட்டகைக்குப் போவாள். அங்கே தகரக்கூரை, தூசி, முதுகுவலி. லைனில் அவள் இடம் வேறொருத்திக்கு.

என் இடம் அப்படித்தான் போனது. ஊத்தங்கரைக்காரி காலில் சொத்தை நகம். அதை என் நகவெட்டியால் வெட்டிவிட்டுக் கழுவாமல் வைத்துவிட்டாள். எனக்குத் தெரியாது. அதே வெட்டி என் கட்டைவிரல் சதையையும் சேர்த்து நறுக்கிவிட்டது. வீங்கியது. சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் நகத்தையே எடுத்தார்கள். அப்புறம்தான் வெட்டியின் வாயைப் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாகப் பொடி.

"இது ஒன் கால் நகமா?"

"நானில்லக்கா. ஒனக்கு வேற எதாச்சும் குத்தியிருக்கும்."

கட்டோடு நான் கொட்டகைக்குப் போனேன். என் இடத்தில் அவளை நிறுத்தினார்கள். விரல் ஆறியது. ஆனால் லைனில் ஒருத்தி வெளியே வந்தால்தான் இன்னொருத்தி உள்ளே போகலாம்.

நான் சண்டை போடவில்லை. பழையதை எறிந்தேன். புதிது வாங்கினேன். வெட்டியதும் சோப்புப் போட்டுப் பழைய பல் பிரஷால் தேய்ப்பேன். கொதிக்கிற தண்ணீரில் போடுவேன். துடைத்துக் காயவைத்து மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடுவேன். அவளுக்குச் சிரிப்பு.

"என்னக்கா, நகவெட்டிக்கு அபிஷேகமா? சூடம் காட்டலியா?"

"காட்டுவேன்."

சொந்தத்தில் கல்யாணம் என்று நகம் வளர்த்துச் சிவப்புப் பாலிஷ் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனாள். ஞாயிறு கடைசி பஸ்ஸில் வந்து அப்படியே படுத்துவிட்டாள். அன்று விடிந்ததும் பாலிஷை அழித்தாள். நகம் அப்படியே நின்றது. அறையில் நகவெட்டி என்னிடம் மட்டும்தான். அந்நேரத்துக்குக் கடை ஏது?

"நகவெட்டி குடுக்கா."

"இரு. கழுவித் தரேன்."

"சுத்தமாத்தான இருக்குது?"

"ஒனக்கு சீழ் வெச்சிட்டா?"

நான் கெட்டிலைப் போட்டேன். தண்ணீர் சூடாகும்வரை வெட்டியைத் தேய்த்தேன். வாயின் உள்பக்கம், கைப்பிடியின் அடி, மூட்டு. பிறகு வெட்டியில் மடங்கியிருந்த அரத்தை வெளியே எடுத்தேன். அதன் கோடு ஒவ்வொன்றிலும் பிரஷை ஓட்டினேன். கன்னட அக்கா தலை பின்னிக்கொண்டே பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"பூஜ ஜோரா நடக்குது" என்றாள்.

"போதும்க்கா, குடு!"

"இன்னும் கொதிக்கல."

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். "இன்னிக்காச்சும் ஒரு யானை ரோட்ட மறிக்கக் கூடாதா" என்றாள். சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கினால் எங்கள் பஸ் பிந்தும். அன்று இறங்கவில்லை.

டம்ளரில் கொதிநீர் ஊற்றி வெட்டியைப் போட்டேன். எடுத்தேன். துடைத்தேன். துணியில் விரித்து வைத்தேன். எண்ணெய்ப் பாட்டிலைத் தேடினேன். அது கையருகேதான் இருந்தது. கீழே ஹாரன் அடித்தது.

"பஸ் பந்து கணே!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டே அக்கா செருப்பை மாட்டினாள்.

வெட்டியை டப்பாவில் போட்டுப் பெட்டியைப் பூட்டினேன்.

"வேணும்னே பண்றியாக்கா?"

"ஆமா."

பஸ்ஸில் அவள் நகத்தைப் பல்லால் கடித்தாள். ஒரு விரலில் ரத்தம் வந்தது. எதிர் சீட்டிலிருந்து பார்த்தேன். பாவமாக இல்லை.

கேட்டில் சூப்பர்வைசர் அவள் கையைப் பார்த்தார். "நீ கொட்டகைக்குப் போ" என்றார். என் கையைப் பார்த்தார். "நீ லைனுக்கு வா" என்றார். நான் உள்ளே போனேன். பின்னால் கேட்டில் காவல் நிற்கும் அம்மா அவள் விரல்களைப் பிடித்து, கடிபடாமல் நீண்டு நின்ற நகங்களைச் சத்தமாக எண்ணினாள்.

ஆறு.