அம்மன் ஏறிய பேட்டரி வண்டி

புனிதா என் பக்கத்து வீட்டுக்காரி. நியாலாஸ் தாமானில், அந்த வரிசைவீட்டுக் குடியிருப்பில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அவள் கருவாடு பொரித்தால் என் வீட்டுத் துணியெல்லாம் மணக்கும். நான் என் வீட்டுக்காரரைத் திட்டினால் மறுநாள் காலையில், "நேத்து கொஞ்சம் அதிகம்லா அக்கா" என்று அவள் தீர்ப்புச் சொல்வாள். இருபது வருடமாக இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறோம்.

செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினாள். அவளைக் கட்டிய ஹரிதாஸ், வீரப்பன் அண்ணனின் லோரியை ஓட்டினார். சாதுவான மனுஷன். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு வருடத்தில் ஒருநாள் மட்டும் ராஜ மரியாதை கிடைக்கும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அம்மன் ஏறிவரும் லோரியை ஓட்டுகிறவர் அவர்தான். அம்மன் வண்டியை யார் ஓட்டுகிறாரோ, அவர் வீட்டு வாசலில்தான் வண்டி முதலில் நிற்கும். முதல் அர்ச்சனைத் தட்டும் அந்த வீட்டுடையதுதான். எங்கள் கோயிலில் இதை யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் மாற்றியதும் இல்லை. ஆகவே வருடா வருடம் புனிதா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தாமானிலேயே முதல் ஆளாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஹரிதாஸ் நெஞ்சுவலி வந்து பட்டென்று போய்விட்டார். அவர் போய் வருடம் திரும்புவதற்குள் அடுத்த திருவிழா வந்தது. சாவு விழுந்த வீடு, ஒரு வருடத்துக்கு அம்மன் நிற்கக்கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. வீரப்பன் அண்ணனே லோரியை ஓட்டிவந்தார். மேளமும் வெளிச்சமுமாக வண்டி அவள் வாசலைத் தாண்டிப் போனபோது, அவள் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் விளக்கைப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள். முறை அதுதான், எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அந்த முறைமேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் அந்த வண்டியை வாங்கினாள். வாழை இலையும் பூவும் ஜாசின் டவுனிலிருந்து எடுத்துக் கடைகளுக்கும் தோட்டத்துக் கோயில்களுக்கும் போடுவது அவள் தொழில். வாங்கியதோ பேட்டரியில் ஓடும் பிக்கப். ஜொகூரில் வேலை செய்யும் அவள் மகன் விமலன்தான் யோசனை சொன்னவன். எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை, வீட்டிலேயே சார்ஜ் போடலாம். போதாததற்கு அந்த வண்டியில் ஒரு பிளக்கும் இருக்கிறது; அதில் ஒயரைச் சொருகினால் ரைஸ் குக்கரே வேலை செய்யும். தாமானில் எல்லாரும் வந்து சுற்றிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், சிரித்துவிட்டுப் போனார்கள்.

இந்த வருடம் திருவிழாக் கூட்டத்தில் புனிதா எழுந்து நின்றாள். "இந்த தடவ அம்மா என் வண்டியில வரட்டும். நானே ஓட்டுறேன்."

கமிட்டித் தலைவர் அங்கமுத்து மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பேட்டரி வண்டிய நம்பி சாமிய ஏத்தறதா? பாதி ஜாலான்ல, நடு ரோட்டுல சார்ஜு தீந்துபோனா, அம்மா ஒயர புடிச்சுக்கிட்டு யாரு வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?"

"போன வருசம் டீசல் லோரி ஆத்தோரம் சேத்துல மாட்டிக்கிச்சே, அப்ப யாரு தள்ளுனது மாமா? நீங்கதான வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்னீங்க."

கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. பூசாரிதான் அவளுக்குத் துணைக்கு வந்தார். "அந்த ஜெனரேட்டர் பொகையில எனக்கு மந்திரம் தொண்டைய தாண்டி வர மாட்டேங்குது. இந்தப் பொண்ணு வண்டியிலயே லைட்டு எரியுமாம்லா. ஒரு தடவ பாப்பமே."

கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: வீரப்பன் அண்ணனின் லோரி மாவிலை கட்டிக்கொண்டு தார் ரோட்டு முச்சந்தியில் தயாராக நிற்கும். புனிதாவின் வண்டி தடுமாறினால் அம்மன் அங்கேயே லோரிக்கு மாறிவிடுவாள். அப்படி மாறிவிட்டால் முதல் தட்டு வீரப்பன் வீட்டுக்கு. புனிதா வாசலில் இந்த வருடமும் வண்டி முதலில் நிற்காது. அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வண்டிக்குச் சார்ஜ் போட்டாள்.

திருவிழாக் காலையில் அவள் வண்டியைக் கழுவிய கழுவலைப் பார்க்க வேண்டுமே. மஞ்சள் தண்ணீர் என்ன, சந்தனம் என்ன, நாலு சக்கரத்துக்கும் குங்குமம் என்ன!

"வண்டி கழுவுறியா, பொண்ணுக்கு நலங்கு வைக்கிறியா?" என்று கேட்டேன்.

"சாமி ஏறப்போற வண்டிக்கா. செருப்பு பட்டது, கிரீஸ் பட்டது ஒண்ணும் உள்ள இருக்கக்கூடாது." கால்மிதி, பழைய செருப்பு, ஜாக்கி, ஸ்பேனர், எண்ணெய்த் துணி, காற்றடிக்கும் சின்ன பம்ப் என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பின்கட்டில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. நான் தேங்காய்க் கூடையோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

கோயிலிலிருந்து ஆற்றுக்குப் போகும் வழி தார் ரோடு இல்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. அன்று மத்தியானம் இடியும் மின்னலுமாகக் கொட்டிய மழையில் பாதை புட்டு மாதிரி ஆகிவிட்டது. அம்மன் பல்லக்கு, பூசாரி, மைக் செட், போதாததற்கு வண்டிக்குள்ளேயே மலைபோல் பேட்டரி, பாரம் சாதாரணமில்லை. புனிதா இறங்கி, சாவி முனையால் நாலு டயரிலிருந்தும் புஸ் புஸ் என்று காற்றை இறக்கினாள். எனக்குப் பகீரென்றது.

"என்னடி பண்ற?"

"காத்து கொறஞ்சா டயரு அகலமா படியும்கா. சேத்துல பொதையாது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் எல போடப் போறப்ப இதான் செய்றேன். தார் ரோட்டுக்கு ஏறுனதும் திரும்ப ஏத்திக்கணும். இல்லன்னா டயரு சூடேறி கிழிஞ்சிரும், பேட்டரியும் மடமடன்னு எறங்கிரும்."

வண்டி போனது பாருங்கள், சத்தமே இல்லை. ஒருத்தரும் தள்ளவில்லை. ஆற்றோரம் கரகம் எடுத்து, அதே சேற்றில் திரும்பி வந்தோம். அங்கமுத்து மாமா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பின்னால் நடந்து வந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். முச்சந்தியில் தார் ரோடு தெரிந்ததும் புனிதா வண்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா. பம்ப் வீட்ல."

சாமிக்காக வண்டியைச் சுத்தம் செய்தவள், அந்தச் சாமி வீடு வந்து சேரத் தேவையானதையும் சேர்த்துச் சுத்தம் செய்துவிட்டாள். மோட்டர்சைக்கிளில் ஆள் அனுப்பலாம் என்றால், போய்வரவே பொழுது சாய்ந்துவிடும். விளக்கு வைக்கும் முன்னால் அம்மன் தாமானுக்குள் நுழைந்தாக வேண்டும். அப்படியே மெதுவாக உருட்டிக்கொண்டு போகலாம் என்றால், தாமான் அங்கிருந்து நல்ல தூரம். இந்தப் பாரத்தோடு பாதி வழியில் டயர் கிழிந்தால் எல்லாம் முடிந்தது.

விஷயம் அங்கமுத்து மாமா காதுக்குப் போனது. "பாத்தீங்களா? அன்னிக்கே சொன்னேன்லா? சரி சரி, அம்மாவ லோரிக்கு மாத்துங்க. வீரப்பா, வண்டிய ரிவர்ஸ் எடு."

முச்சந்தியிலேயே வீரப்பன் அண்ணனின் டயர் கடை. உள்ளே பெரிய காற்று கம்ப்ரசர் நிற்பது ரோட்டிலிருந்தே தெரிந்தது. ஆனால் மத்தியான இடியில் அந்த வரிசை முழுக்கக் கரண்ட் போயிருந்தது, இன்னும் வரவில்லை. அண்ணன் லோரி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கடைவாசலில் நின்றுகொண்டிருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். அவர் வீட்டில் தட்டு தயாராக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

புனிதா நேரே அவரிடம் போனாள். அவள் முகம் அழுகிற முகமாக இருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"அண்ணே, உங்க கம்ப்ரசர குடுங்க. கரண்ட்டு நான் தர்றேன். என் வண்டியில பிளக்கு இருக்கு."

அண்ணன் சும்மா நின்றாலே போதும், அம்மன் அவர் லோரிக்கு வந்துவிடுவாள். எல்லாருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். மெதுவாக நடந்து வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து, தொய்ந்து கிடந்த டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"இவ்ளோ நல்ல டயரு," என்றார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டயர இந்தக் கோலத்துல பாத்துட்டு சும்மா நின்னா நான் என்னா டயர் கடைக்காரன்? நாலு பேரு வாங்க, கம்ப்ரசர உருட்டணும்."

"வீரப்பா, உனக்கென்ன பைத்தியமா?" என்றார் அங்கமுத்து மாமா.

"மாமா, போன வருசம் ஹரிதாஸு வீட்டத் தாண்டி நான்தான் ஓட்டிட்டுப் போனேன். காலு பிரேக்குக்குத் தானா போச்சு. உங்க பேச்சக் கேட்டு மிதிக்கல. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல."

கம்ப்ரசர் உருண்டு வந்தது. ஒயரைச் சொருகிச் சுவிட்சைப் போட்டார்கள். ஒரு உறுமல், அவ்வளவுதான், எல்லாம் நின்றுபோனது. அம்மன் தலைக்கு மேல் இருந்த சீரியல் லைட்டும் சேர்ந்து அணைந்தது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

புனிதா உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒண்ணும் கெட்டுப் போகல. மைக்கு, லைட்டு, கம்ப்ரசர் மூணையும் ஒண்ணா இழுக்காது. காத்தடிக்கிற வரைக்கும் லைட்டையும் மைக்கையும் கழட்டணும்."

"அம்மனுக்கு லைட்ட அணைக்கிறதா? அபசகுனம்!" மாமாவுக்கு மறுபடியும் உயிர் வந்துவிட்டது.

பூசாரி வண்டிக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏன், கரண்ட்டு கண்டுபிடிக்கிறதுக்கு முந்தி அம்மா இருட்டுலயா உக்காந்திருந்தா?" என்று கேட்டுவிட்டுக் குத்துவிளக்கை ஏற்றினார். பெண்கள் தட்டில் சூடம் கொளுத்தினோம். ஒருத்தி மாரியம்மன் தாலாட்டுப் பாட ஆரம்பித்தாள், மைக் இல்லாமலே நன்றாகத்தான் இருந்தது.

இந்தத் தடவை கம்ப்ரசர் ஓடியது. டபடபவென்று அது போட்ட சத்தத்துக்குத் தவில்காரர் குறும்பாகக் கூடவே தட்டினார். வீரப்பன் அண்ணன் புதுச் சட்டையோடு தரையில் மண்டிபோட்டு டயர் டயராகக் காற்றை ஏற்றினார். ஒவ்வொரு டயரிலும் எவ்வளவு காற்று என்பது வண்டித் திரையில் தெரியும். புனிதா அதைப் பார்த்துச் சத்தமாகச் சொல்ல, கூட்டமும் கூடவே கத்தியது: "இருவத்தாறு! இருவத்தெட்டு! முப்பது!" ஏலம் விடுகிற மாதிரி இருந்தது. கடைசி டயர் நிமிர்ந்தபோது யாரோ "ஓம் சக்தி" என்று குரல் கொடுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் அங்கமுத்து மாமா.

மறுபடியும் லைட் எரிந்தது. தார் ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வீரப்பன் அண்ணன் லோரியை முச்சந்தியிலேயே விட்டுவிட்டு எங்கள் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வழி நெடுக, "அந்த இடது டயர நாளைக்கு கொண்டாந்து காட்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். புனிதா இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

விளக்கு வைக்கும் முன் தாமானுக்குள் நுழைந்தோம். அவள் வாசலில் வண்டி நின்றது. இறங்கி ஓடினாள், கால் கழுவினாள், தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். பட்டுச்சேலை கட்ட நேரமில்லை. முழங்கால் வரைக்கும் சேறு தெறித்த சுடிதாரோடு, மூச்சு வாங்க அம்மன் முன்னால் நின்றாள்.

பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்தபடி கேட்டார். "அர்ச்சன யாரு பேருக்கும்மா?"

இத்தனை வருடமும் அந்த வாசலில் அவள் சொன்னது ஒரே பெயர்தான், ஹரிதாஸ். அவள் வாய் திறந்தது, அந்தப் பெயரின் முதல் எழுத்து வரைக்கும் வந்து நின்றது. மகன் பெயரைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

"புனிதா," என்றாள்.

"நட்சத்திரம்?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கென்ன தெரியும்? "தெரியாது சாமி," என்றாள். "யாரும் கேட்டதில்ல."

பூசாரி ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு, "பரவால்லம்மா, அம்மாவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மைக்கை வாயருகே கொண்டுபோனார். புனிதா, புனிதா என்று அவள் பெயர் தாமானின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.