ஜெயம்மாளின் ஆடு மேயாத தோப்பு

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் தெரிந்த செய்தி இது: ஜெயம்மாளின் வெள்ளாடு பக்கத்து வீட்டில் புகுந்து, தியாகதுருகத்துத் தோப்பு ஒன்றை முழுசாக மேய்ந்துவிட்டது. ஆடு இங்கே, தோப்பு அங்கே. நடுவில் கள்ளக்குறிச்சியே கிடக்கிறது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒருவர் மட்டும், "எந்த வூடு?" என்று கேட்டார். சந்தேகத்தால் அல்ல, போய்ப் பார்க்க. அவர் பின்னாலேயே நானும் இறங்கினேன்.

அந்தப் பக்கத்து வீடு இசைவாணியுடையது. மனைப்பிரிவு போடுகிறவர்களுக்கு மேஜையளவில் மாதிரி நகரம் செய்துகொடுப்பது அவர் தொழில். தொடக்கம் மகனின் பள்ளிக்கூட புராஜெக்ட். பிறகு மற்ற பிள்ளைகளின் புராஜெக்ட்டுகளும் வந்து சேர்ந்தன. வட்டாரத்தில் பல அப்பாக்கள் அறிவியல் கண்காட்சியில் பரிசு வாங்கியது இவர் தயவில்தான்.

மாதிரியில் வீடுகளை மெஷின் வெட்டிக் கொடுத்துவிடும். மரம்தான் கைவேலை. செம்புக் கம்பியை முறுக்கினால் அடிமரம். காய்ந்த பீர்க்கங்கூட்டைப் பிய்த்து ஒட்டினால் கிளை. சாயமேற்றிய மரத்தூளைத் தூவினால் இலை. குடித்து முடித்த டீயின் தூள், மரத்தடிச் சருகு. கோமுகி அணைக்குக் குடும்பத்தோடு போனால் எல்லாரும் தண்ணீரைப் பார்ப்பார்கள். இவர் வழியிலிருக்கும் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்.

தியாகதுருகத்துக்கு வெளியே தீனதயாளன் போட்டிருக்கும் மனைப்பிரிவுக்குப் பெயர் குளிர்சோலை நகர். அங்கே நிழல் வேண்டுமென்றால் பெயர்ப்பலகைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். மாதிரியில் மட்டும் அடர்ந்த தோப்பு கேட்டிருந்தார். பிடித்துப்போனால் சின்னசேலத்தில் அடுத்து போடும் நகரின் வேலையும் இசைவாணிக்கு. பிடிக்காவிட்டால் சேலத்து ஆளுக்கு.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வந்து பார்த்தவர் முகம் சுருங்கியது.

"இன்னாம்மா இது, எல்லா மரமும் கீழ மொட்டையா இருக்குது?"

"ஆடு பின்னங்கால்ல நின்னு எட்டுற உசரம் சார் அது. நம்ம பக்கம் எந்த வேப்பமரத்த வேணா பாருங்க, அடிப்பக்கம் கத்தரி போட்ட மாரி நேரா இருக்கும்."

"என் நகர்ல ஆடே கெடையாதும்மா!"

மரமும்தான் கிடையாது. வாய்வரை வந்த அந்தப் பதிலை இசைவாணி விழுங்கிக்கொண்டார்.

"அரகொற வேலய வச்சிக்கினு நாளைக்கு நான் இன்னாத்த விக்கிறது? சேலத்துக்காரனுக்கே போன் போட்டுர்றேன்." போனை எடுத்தும்விட்டார்.

அந்த நேரம் பார்த்து ஜெயம்மாளின் ஆடு வாசலில் தலையை நீட்டியது. திட்டமெல்லாம் ஒன்றுமில்லை என்று இசைவாணி இன்றும் சாதிக்கிறார்.

"அதோ, அதுதான் சார் மேஞ்சிடுச்சு."

மரத்தைப் பற்றி அவர் சொன்னதை நம்பாத மனிதர் ஆட்டை அந்த நிமிஷமே நம்பினார். "அத மொதல்லியே சொல்ல வேணாமா! ஆடே ஏமாந்து போற அளவுக்குப் பண்ணிக்கிறியேம்மா!" மறுநாள் மைக்கில் அதையே சொன்னார். அதற்குள் இலைகளைத் தரைவரை இறக்கிவிட்டிருந்தார் இசைவாணி. உலகில் எந்த மரமும் அப்படி இருக்காது. எல்லாரும் தத்ரூபம் என்றார்கள். சின்னசேலம் வேலையும் கிடைத்தது.

நான் போயிருந்தபோது ஜெயம்மாள் வேலிக்கு அந்தப்புறம் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"ஏன் வாணி, வாயில்லாத ஜீவன் மேல பழியப் போட்டுட்டு நீ சோக்கா கீற. பஸ்ல போறவன்லாம் எட்டிப் பாத்து சிரிச்சிக்கினு போறான். ஆட்டு டாக்டரு, பீர்க்கங்கூடு செரிச்சிச்சான்னு கேக்கறாரு!"

"மன்னிச்சிக்கக்கா. ஒரு கட்டு அகத்திக்கீர வாங்கியாந்து போட்டுர்றேன்."

"என்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? அதுகிட்ட சொல்லு."

இசைவாணி வேலியருகே போய் ஆட்டிடமே சொன்னார். கேலியாகத் தெரியவில்லை. பிறகு சின்னசேலத்து மரங்களுக்குத் தரைவரை இலை ஒட்ட உட்கார்ந்துவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு வேம்புக்கு மட்டும் அடியில் ஒட்டவில்லை.

அது போன மாதம். நேற்று அந்தப் பக்கம் போனேன். ஆடு பின்னங்காலில் நின்று இசைவாணியின் ஜன்னலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அகத்திக்கீரை இன்னும் வரவில்லை.