கண்ணாடித் தொட்டியில் சேடை ஓட்டிய கதை

நெல் விளைவிக்கிறவனுக்கு மீன் தொட்டியில் புல் மாற்றுவதெல்லாம் ஒரு வேலையா என்று மனதார நம்பியவன் நான். வடக்கனந்தலில் இரண்டு ஏக்கர் கழனி எனக்கு. கள்ளக்குறிச்சி வீட்டுக் கூடத்தில் இருந்ததோ மூன்றடித் தொட்டி. அதன் தரையில் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்திருந்த குட்டைப் புல்லும், அதற்கு மேலே திரிந்த இருபத்திரண்டு டெட்ரா மீன்களும் என் மகளுடையவை. மூன்று வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தவள், சென்னைக்குப் படிக்கப் போகும்போது என்னை நம்பி விட்டுப் போனாள்.

என் பராமரிப்பில் புல் மஞ்சளித்து, பாசி ஏறி, ஓரமெல்லாம் பிய்ந்து மிதந்தது. அவள் லீவுக்கு வரும் நாள் காலையில்தான் எனக்கு ரோஷம் வந்தது. புதுப் புல் நாலு டப்பா வாங்கிவந்து, வேட்டியை மடித்துக் கட்டினேன். பழைய புல்லை ஒரே மூச்சில் பிடுங்கினேன். நடவுக்கு முன்னால் கழனியைச் சேறாகக் கலக்கிச் சேடை ஓட்டுவோமே, அதே மாதிரி ஐந்து விரலையும் ஏராக்கி அடிமண்ணைக் கிளறினேன். பரம்பு அடிப்பதாக நினைத்து ஸ்கேலால் சமன் வேறு செய்தேன். மூன்று வருஷத்து அழுக்கு மொத்தமும் எழுந்தது. கால் மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் விசிறியை எடுத்து வந்து தொட்டிக்கு வீசினேன். ஏன் வீசினேன் என்று இன்று வரை தெரியாது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, மீனு வளக்கிறீங்களா, கொழம்புக்குக் கரைச்சி வச்சிகினு கீறீங்களா?"

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ஜனங்கள் சாலையில் உட்கார்ந்திருந்த காலம் அது. மகளிடமிருந்து போன் வந்தது. உளுந்தூர்பேட்டையில் மறியல், பஸ் நகரவில்லை, இங்கேயே சித்தி வீட்டில் தங்கிவிட்டு நாளைக்கு வருகிறேன் என்றாள். சாலையில் இருந்தவர்களுக்கு அவர்கள் நியாயம் இருந்தது. மறியல் இன்னும் ஒரு நாள் நீடிக்கட்டும் என்று மீனுக்காக வேண்டிக்கொண்டவன் நான் ஒருத்தன்தான்.

"அவசரமே இல்ல கண்ணு, நிதானமா வா," என்றேன். பஸ் பத்து நிமிஷம் தாமதமானாலே டிரைவரைத் திட்டுகிற ஆள் நான்.

"இன்னாப்பா பண்ணி வச்ச?" என்றாள்.

சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நின்றுபோன பஸ்ஸில் இருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள், செய்தேன். அண்டாவில் போர் தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டேன். பில்டரையும் கழுவாமல் அப்படியே அதற்குள் இறக்கி ஓடவிட்டேன். மீன்களைக் காப்பாற்றும் கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் அதில்தான் இருக்கிறதாம். தொட்டிச் சேற்றை டியூப் போட்டு இறைத்து, புதுத் தண்ணீர் விட்டு, தெளியும்வரை மறுபடி மறுபடி இறைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே ஒரு வீட்டுத் தொட்டியைக் கரை சேர்க்கிற பெண்ணைப் பெற்றிருக்கிறோம் என்று அந்தப் பதற்றத்திலும் எனக்கு மீசை துடித்தது.

அடுத்தது நடவு. தண்ணீரை நாலு விரல் உயரத்துக்குக் குறைத்து, புருவம் பிடுங்கும் இடுக்கியால் புல்லை நட்டேன். நட்டதெல்லாம் மிதந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் கழனியில் இறங்கி நடுவது என் மனைவியும் மற்றப் பெண்களும். நான் வரப்பில் நின்று வரிசை கோணல் என்று சொல்கிறவன்.

"நேரா குத்தாதீங்க. சாச்சி சொருவுங்க," என்றாள் மனைவி.

சாய்த்தேன், நின்றது. நகமளவு பிய்த்து, விரற்கடை இடைவெளி விட்டு, சாயங்காலம்வரை குனிந்து முழுத் தரையையும் நட்டேன். முதுகு போயிற்று. வரிசை மட்டும் கயிறு பிடித்த மாதிரி இருந்தது. பால் வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். புல் பெயராமல் மெல்லத் தண்ணீர் நிரப்பி, பில்டரையும் மீன்களையும் தொட்டிக்கு மாற்றினேன்.

மறுநாள் மகள் பையைக்கூட இறக்காமல் தொட்டிக்கு முன்னால் குந்தினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்துப் படம் பிடித்து, எங்கப்பா நட்டது என்று சிநேகிதிகளுக்கு அனுப்பினாள்.

அண்டாவிலேயே மூன்று மீன்கள் செத்துப்போயின. பத்தொன்பது பிழைத்தன. புல் இரண்டு மாதத்தில் தரை முழுக்கப் பிடித்தது.