சௌடப்பன் பொறுக்கிய பற்கள்

யுத்தம் வந்ததும் அருப்புக்கோட்டைக்கு நூல் வரத்து நின்றுபோனது. தறிகள் சும்மா கிடந்தன. சௌடப்பன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தான். பிறகு, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மனைவி லிங்கம்மாளை அவள் அண்ணன் திம்மையா வீட்டில் விட்டுவிட்டு, தூத்துக்குடி போய்ச் சரக்குக் கப்பலில் கரி அள்ளச் சேர்ந்தான்.

சீமையை நெருங்கும்போது எதிரிகள் கப்பலைக் குண்டுபோட்டு முக்கிவிட்டார்கள். பலகையைப் பிடித்து மிதந்தவனைத் தூக்கி, வேல்ஸ் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊருக்குத் தகவல் சொல்லிவிடுவதாகக் கப்பல் ஆபீசில் சொன்னார்கள். லிங்கம்மாளுக்குப் போய்ச் சேர்ந்தது கப்பல் முங்கிய செய்தி மட்டும்தான். அது அவனுக்குத் தெரியாது.

உடம்பு தேறியதும் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை கிடைத்தது. வீட்டில் பேசிய கன்னடத்துக்கும் வெளியில் பேசிய தமிழுக்கும் அங்கே ஆள் இல்லை. சாயங்காலம் அறைக்கு வந்தால் ஈரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். சில நாள், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை எண்ணுவதுபோல வாய்விட்டு எண்ணுவான், தன் குரலையாவது கேட்கலாமென்று.

யுத்தம் முடிந்தபின் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் அந்தக் குவாரிக்கு வந்தார். பாறை வெடிப்புகளில் அடைந்திருந்த களிமண்ணை ஊறவைத்துச் சலித்து, மிஞ்சும் பொடியில் பல் தேட ஆள் வேண்டும் என்றார். கேப்பை அளவுப் பல். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு விலகிவிட்டார்கள். அறுந்த இழையைத் தேடிப் பிணைத்துப் பழகிய சௌடப்பன் ஒத்துக்கொண்டான்.

ஈரத் தூரிகையின் நுனியில் முதல் பல் ஒட்டிக்கொண்டு வந்தபோது, இது எதனுடையது என்று தெரிந்த அளவு இங்கிலீஷில் கேட்டான். அவர் படம் போட்டுக் காட்டினார். மூஞ்சூறு மாதிரி ஒரு பிராணி. ராட்சதப் பல்லிகள் நடமாடிய காலத்தில், இருட்டியபின் வெளியே வந்து பூச்சி தின்று பிழைத்தது.

"இப்ப அது எங்க இருக்கு?"

"எங்கேயும் இல்லை. அந்தக் குடும்பமே அற்றுப்போய்விட்டது."

ஊருக்குப் போகக் கப்பல் கிடைத்தது. அவன் போகவில்லை. இந்த வெடிப்பை முடித்துவிட்டுப் போகலாம், அடுத்ததையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போட்டான். பல் கிடைக்கும் நாளில் மட்டும் அந்த அறையில் அவனால் நிம்மதியாகத் தூங்க முடிந்தது.

நாற்பத்தொன்பதில்தான் அருப்புக்கோட்டையில் வந்து இறங்கினான். வாசலில் திம்மையா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். பெண் பிள்ளை பிறந்து, ஒரு வயசு ஆகுமுன்னே காய்ச்சலில் போய்விட்டது என்றார். லிங்கம்மாள் வெளியே வந்தாள். கழுத்தில் தாலி இல்லை, நெற்றியில் பொட்டில்லை. அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தெருப் பெரியவர்கள் அம்மன் கோயிலில் மறுபடி தாலி கட்டவைத்தார்கள். அவள் குனிந்து கழுத்தைக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

இத்தனை காலம் தான் எங்கே இருந்தான் என்று அவளுக்குத் தெரியட்டுமென்று, ஒருநாள் பல் பொறுக்கிய கதையைச் சொன்னான்.

"சண்டை முடிஞ்ச பெறகும் அதுக்குத்தான் இருந்தீகளா?" என்றாள்.

"ஆமா."

"உங்க மகளுக்குக் கீழ்ப்பல்லு ரெண்டு மொளைச்சிருந்துச்சு. பாக்கத்தான் அப்பன் இல்ல."

அதன்பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நூல் கிடைத்தபோது தறி ஓடியது. அவன் நெய்தான், அவள் பக்கத்தில் ராட்டையில் தார் நூல் சுற்றினாள். சோறு வைப்பாள், போய்விடுவாள்.

மழை ஏமாற்றிய ஓர் ஐப்பசி மத்தியானம் அவள் ராட்டையை நிறுத்தினாள்.

"அந்தப் பிராணி குட்டிக்குப் பால் குடுக்குமா?"

அவன் திரும்பிப் பார்த்தான். "குடுத்திருக்கும்னுதான் சொன்னாக."

"எத்தன குட்டி இருக்கும்?"

"அது யாருக்கும் தெரியாதாம்."

அவள் கையிலிருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ பேரு சௌடேஸ்வரி. உங்கம்மா பேரத்தான் வச்சேன்" என்றாள்.

மகளின் பேரை அதுவரை யாரும் அவனிடம் சொல்லவில்லை; கேட்க அவனுக்கும் வாய் வந்ததில்லை. தறியில் உட்கார்ந்தபடியே அந்தப் பேரை மெல்ல ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். லிங்கம்மாள் அதற்குள் ராட்டையைச் சுற்றத் தொடங்கியிருந்தாள்.