அம்மாவின் வலது கால் பெருவிரல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஓடைப்பட்டியில் திராட்சை பேக்கிங் செய்யும் ஷெட் ஒன்றில் அவளுக்கு வேலை சொல்லியிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். எங்கள் ஊருக்கு முதல் பஸ் வருவதே ஏழரைக்கு. திங்கட்கிழமைக்குள் சைக்கிள் பழகினால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள்.

சைக்கிளைக் கொடுத்தது மாமா, அம்மாவின் அண்ணன். அவர் மகள் மதுரை ஹாஸ்டலுக்குப் போய்விட்டதால் சும்மா கிடந்த வண்டி. குட்டி பிரேம், அதற்குப் பொருந்தாத பெரிய சக்கரம், பளபளக்கும் மட்கார்டு. அப்பாவுக்கு அது வீட்டுக்குள் வந்ததே பிடிக்கவில்லை.

"ஒங்க அண்ணன் பெரிய மனசு பண்ணிக் குடுத்திருக்காக. ஏதாச்சும் கோளாறு கீளாறுன்னு தெரிஞ்சது, அன்னைக்கே அவுக வீட்டுலயே கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துருவேன்" என்றார். மச்சான் கொடுக்கும் எதிலும் ஒரு குறை இருக்கும் என்று அவர் காத்திருந்தார்.

நேர்ப்பாதையில் அம்மா இரண்டே நாளில் நன்றாக ஓட்டினாள். ஓடைப்பட்டிக்குப் போகும் வழியில் இருந்த வாய்க்கால் பாலத்தில் மட்டும் விழுந்தாள். அங்கே வேகத்தைக் குறைத்து இடதுபக்கம் ஒடித்துத் திருப்ப வேண்டும். திருப்பும்போதெல்லாம் வண்டி திடீரென்று முட்டுக்கட்டை போட்டதுபோல நின்று, அவளைக் கீழே தள்ளியது. பள்ளியில் நான் வாங்கிய திட்டுகளையெல்லாம் அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"பயப்படக் கூடாதும்மா. கை நடுங்குனா வண்டி எப்பிடி நிக்கும்?"

அவள் சேலையைத் தட்டிக்கொண்டு, "சரிங்க டீச்சர்" என்றாள்.

நான்காவது முறை விழுந்தபோது வலது கால் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. சாயங்காலம் அப்பாதான் காலைக் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். "ஒனக்கு எதுக்கு இந்த வேல? விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டா என்ன பண்ணுறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை அம்மா பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தபோது, விளையாட்டாக அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நான் வண்டியை எடுத்தேன். பாலத்தில் திருப்பியதும் செருப்பின் நுனி மட்கார்டில் போய் முட்டியது. நானும் விழுந்தேன். எழுந்து வண்டியை நிறுத்தி ஹேண்டில்பாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடதுபக்கம் ஒடித்தால் முன்சக்கரத்தின் பின்பகுதி வலதுபக்கம் வந்து, பெடலில் முன்னால் இருக்கும் வலது காலைத் தொட்டது. என் சின்னப் பாதத்துக்கு அது எட்டியதில்லை. அம்மாவின் நீளமான பாதத்துக்கு எட்டியது.

இதை அப்பா முன்னால் சொல்ல வேண்டும் என்று, யாரிடமும் மூச்சுவிடாமல் ராத்திரிச் சாப்பாடு வரை அடக்கி வைத்திருந்தேன்.

"அப்பா, அம்மா மேல தப்பே இல்ல. அந்தச் சைக்கிள்லதான்..."

அப்பா சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். "சைக்கிள்ல என்ன?"

"ஒண்ணுமில்லங்க" என்றாள் அம்மா. "வண்டி நல்ல வண்டி. எனக்குத்தான் இன்னும் பயம் தெளியல. பிள்ள என்னைய விட்டுக்கொடுக்காமப் பேசுது."

"அதான நானும் சொல்றேன்" என்று அப்பா திருப்தியாகச் சாப்பிட்டார். என் முழங்கால் மேல் அம்மாவின் கை அழுத்தமாக இருந்தது.

மறுநாள் பாலத்தருகே வந்ததும் அம்மா மிதிப்பதை நிறுத்தினாள். வலது காலைப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, வண்டியை அதன் போக்கில் உருளவிட்டுத் திருப்பினாள். விழவில்லை. நான் கண்டுபிடித்ததை நான் இன்னும் அவளிடம் சொல்லியிருக்கவே இல்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். மாலையில் ஷெட்டில் உதிர்ந்த திராட்சையை ஒரு பையில் கொண்டுவந்தாள். எனக்குக் கோபம், தொடவில்லை. உண்மையைக் கண்டுபிடித்த என்னை ஒன்றும் தெரியாதவளாக்கி, சைக்கிளை நல்லதாக்கிவிட்டாளே என்று இருந்தது. தன் நல்ல பெயரைக் கொடுத்து அவள் எதை வாங்கிக்கொண்டாள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவளைப் பயந்தாங்கொள்ளி என்றே நினைத்துக்கொண்டேன். திராட்சை முழுவதையும் அப்பா தின்றார். நல்ல இனிப்பு என்றார்.