இண்ட்டி பேரு கேட்ட கம்ப்யூட்டர்

சித்தூரில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, வாத்தியார் தெலுங்கில் கேட்ட முதல் கேள்விக்கே தப்பான பதில் சொன்னேன். "நீ இண்ட்டி பேரேமி?" என்றார். தெலுங்குக்காரர்களுக்கு ஆளின் பெயருக்கு முன்னால் குடும்பப் பெயர் ஒன்று நிற்கும். அதைத்தான் இண்ட்டி பேரு, அதாவது வீட்டுப் பெயர் என்பார்கள். தமிழர்களான எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. நைனா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் நம் பெயர், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு என்ன பெயர் என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "மிஷன் காம்பவுண்டு சார்" என்றேன். அவரும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பள்ளி முடியும்வரை எல்லாச் சான்றிதழிலும் நான் மிஷன் வீட்டுப் பெண்தான். நைனா அதைத் திருத்துவதற்கு இரண்டு மூன்று முறை நடந்து பார்த்துவிட்டு, "போவட்டும் வுடு, கெட்ட பேரு ஒண்ணும் இல்லியே" என்று விட்டுவிட்டார். அது அறுபதுகளில் நடந்தது.

எண்பதுகளின் பின்பாதியில், திருப்பதியில் நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து, அதுவும் அதே கேள்வியைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அந்த இயந்திரத்துக்குக் கிடைத்த மரியாதை எங்கள் யாருக்கும் கிடைத்ததில்லை. நாங்கள் வெயிலில் வெந்துகொண்டிருக்க, அதற்கு மட்டும் ஏசி அறை, கண்ணாடிக் கதவு, திரைச்சீலை. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். முதல் நாள் அதற்குக் குங்குமப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். தண்ணீர் தெறித்துவிடப் போகிறதே என்று, புரோகிராம் எழுத ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த இளைஞர் தன் கைக்குட்டையை விரித்து விசைப்பலகையை மூடிக்கொண்டு நின்றார். நான் கிறிஸ்தவச்சி. ஓரமாக நின்று, இது பாதியில் நிற்காமல் ஓட வேண்டும் ஆண்டவரே என்று மனதுக்குள் ஒரு ஜெபம் சொல்லி வைத்தேன். நம் பங்குக்கு நாமும் செய்ய வேண்டாமா?

புத்தகங்கள் அத்தனையையும் ஏற்றுவது பெரிய வேலை. அதனால், எங்கள் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலை முதலில் ஏற்றலாம் என்று தலைமை நூலகர் முடிவு செய்தார். யார் பெயரைக் கொடுத்தாலும் அவர் எழுதியதெல்லாம் ஒரே நொடியில் திரையில் வந்து நிற்கும் என்றார் ஹைதராபாத் இளைஞர். நாங்கள் வாயைப் பிளந்தோம். சொன்னபடி வந்தும் நின்றது. பெயர் தெலுங்குப் பெயராக இருந்தால்.

புரோகிராமில் முதல் கட்டம் வீட்டுப் பெயர். அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக விடாது. ஒரு கூவல் கூவிவிட்டு அங்கேயே மின்னிக்கொண்டு நிற்கும். "பிளாங்க் ஒப்புக்கோது மேடம்," வெறுமையாக விட்டால் ஏற்காது என்பார் அந்த இளைஞர், என்னவோ அது அவர் வளர்க்கிற பசு மாதிரி. தட்டச்சு செய்கிறவர்கள் என்ன செய்வார்கள், பாவம். தமிழர் பெயர் வந்தால் ஊரைப் போட்டார்கள், அப்பா பெயரைப் போட்டார்கள், இனிஷியலைப் போட்டார்கள். ஒருவருக்கு முனைவர் பட்டத்தையே வீட்டுப் பெயராக்கி, அவர் பரம்பரையையே டாக்டர் பரம்பரை ஆக்கிவிட்டார்கள். நான் கத்தினேன். கத்தியதோடு சரி, வேலை அப்படியேதான் நடந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவள் வந்தாள். புத்தூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்துப் பெண், விலங்கியலில் ஆராய்ச்சி செய்தவள். மாம்பூவில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி முழுவதும். அவர்கள் நிலத்திலேயே மாந்தோப்பு இருந்தது, பூச்சியும் இருந்தது. ஆராய்ச்சிக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை என்று வேடிக்கையாகச் சொல்வாள். அன்று வேடிக்கை பேசுகிற முகமாக இல்லை.

"அக்கா, இதுல பாதி நான் இல்லைன்றாங்க," என்று தன் கட்டுரைகளின் பிரதிகளை என் மேசைமேல் வைத்தாள்.

விஷயம் இதுதான். எங்கள் கல்லூரியிலேயே ஒரு விரிவுரையாளர் வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். நிறையக் கட்டுரை எழுதியவர்களுக்குத்தான் அது கிடைக்கும். முதலில் எழுதியவை அப்பாவின் இனிஷியலோடு அவள் பெயரில் வந்திருந்தன. நடுவில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று, தெலுங்குக் குடும்பத்தில். அதற்குப் பிறகு எழுதியவை கணவனின் வீட்டுப் பெயரைச் சுமந்துகொண்டு வந்தன. விண்ணப்பத்தைச் சரிபார்த்த அலுவலர், இது ஒரு அம்மா, அது வேறொரு அம்மா என்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அலுவலகத்தில் யாரும் கண்ணால் பார்ப்பதை நம்புவதில்லை.

"கம்ப்யூட்டர்ல லிஸ்ட் எடுத்துக்கினு வான்னு சொல்லிகீறாங்க."

தேடிப் பார்த்தோம். அலுவலர் சொன்னதையேதான் கம்ப்யூட்டரும் சொல்லியது. ஒரு பெயருக்குப் பாதிக் கட்டுரை, இன்னொரு பெயருக்கு மீதி. இரண்டு பெண்கள். ஒருத்திக்கும் வேலை கிடைக்கிற அளவுக்குத் தகுதி இல்லை.

அவள் கணவனை விட்டு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏன் என்று நான் கேட்டதில்லை. "அங்க எனக்கு ஆவல அக்கா" என்று ஒருமுறை சொன்னாள், அதோடு சரி. உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். "வேலை வர்லைன்னா அண்ணன் வந்து இட்டுக்கினு பூடும். எங்க வூட்டுக்கில்ல, அவுரு வூட்டுக்கே கொண்டுபோய் வுட்டுட்டு வரும். பேசி வச்சிகீறாங்க" என்று ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

தலைமை நூலகரிடம் போனோம். அவர் நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். யோசித்துவிட்டு, இது சுலபம்தானே அம்மா என்றார். ஒருவருக்கு இரண்டு பெயர் இருந்தால் கடைசியாக வழங்குகிற பெயரில் எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம், விதியும் அப்படித்தான் சொல்கிறது. கணவனின் வீட்டுப் பெயரைப் போட்டால் முதல் கட்டமும் நிரம்பும், கம்ப்யூட்டரும் கூவாது. ஹைதராபாத் இளைஞரும் தலையாட்டினார். எல்லாருக்கும் வசதி.

"வேணாம் சார்" என்றாள் அவள்.

"வேலை முக்கியமா, பேரு முக்கியமா அம்மா?"

"அந்தப் பேர்ல வேலை வாங்கினா, அவுங்க குடுத்த வேலை மாதிரி ஆயிடும் சார்."

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் பொறுக்கமாட்டாமல், பெயர்களை எழுதி அடுக்கிய நம் பழைய அட்டைகளில் இதற்கெல்லாம் வழி இருந்ததே சார் என்று ஆரம்பித்தேன். அட்டை காலத்தில் ஒருவருக்கு இரண்டு பெயர் இருந்தால், ஒரு பெயரில் எல்லாவற்றையும் வைத்து, மற்றதில் 'இன்னாரைப் பார்க்க' என்று ஓர் அட்டை செருகுவோம். கேட்கிறவர் எந்த வழியாக வந்தாலும் சரியான இடத்துக்கு வந்து சேருவார். இத்தனை லட்சம் போட்டு வாங்கிய இயந்திரத்துக்கு ஒரு துண்டு அட்டையின் அறிவு இல்லையா என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, வெளியே படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த இளைஞர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்: "எங்கம்மாவுக்குக் கல்யாணத்தன்று பெயரை மாற்றிவிட்டார்கள் மேடம். முன்னால் என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டதும் இல்லை."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

'வேறு பெயர்' என்று ஒரு புதிய கட்டத்தை அவர் சேர்த்தார். அதற்கு மதியம் முழுவதும் பிடித்தது. நடுவில் இரண்டு தரம் எல்லாம் அழிந்துபோய், அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தக் கட்டத்தில் கணவன் வீட்டுப் பெயரோடு வந்த பெயரைப் போடலாமா என்று நான் தயங்கினேன். அவளே சொன்னாள்: "போடுங்க அக்கா. அந்தப் பேர்ல நான் உக்காந்து எழுதனது நெசந்தானே? முன்னாடி வேணாம். பின்னாடி இருந்துக்கினு போவட்டும்."

மிச்சம் இருந்தது முதல் கட்டம். அதைத் தொட்டால் புரோகிராம் முழுவதையும் மாற்ற வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார் இளைஞர். அப்பாவின் இனிஷியலும் வேண்டாம், தன் பெயர் மட்டும் போதும் என்று அவள் சொல்லிவிட்டாள். சரி, எதையாவது போட்டு ஏமாற்றலாம் என்று முயன்றோம். இடைவெளித் தட்டைத் தட்டினோம், கூவியது. கோடு போட்டோம், கூவியது. கேள்விக்குறி போடலாமா என்றார். "இன்னாது, நான் இன்னா புதிரா?" என்று அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். கடைசியில் நான் சும்மா ஒரு புள்ளியைத் தட்டினேன். கம்ப்யூட்டர் வாயை மூடிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கை தட்டியது யார் என்று நினைவில்லை, நானாகத்தான் இருக்கும்.

பட்டியலை அச்சடிக்கும்போது இன்னொரு வேடிக்கை நடந்தது. கம்ப்யூட்டரின் கணக்கில் புள்ளி எல்லா எழுத்துக்கும் முன்னால் வருமாம். அதனால் அகர வரிசையில் முதல் ஆளாக அவள் வந்து நின்றாள். கட்டுரைகள் எல்லாம் ஒரே பெயரின் கீழே, ஒன்றன்பின் ஒன்றாக. அதுவரை தன் வீட்டுப் பெயரின் புண்ணியத்தில் முதலிடத்தில் இருந்த பேராசிரியர் ஒருவர், யார் இது எனக்கு முன்னால் என்று நேரில் வந்து விசாரித்துவிட்டுப் போனார். தத்துப்பூச்சி சார், தத்தி முன்னால் வந்துவிட்டது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நூலகர் எதுவும் கேட்காமல் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். விதிப்படி அவர் போட்டிருக்கக் கூடாது. அதற்காகவே அவரை இன்றைக்கும் நான் நன்றியோடு நினைக்கிறேன்.

நேர்முகத் தேர்வு முடிந்து அவள் நேராக என்னிடம்தான் வந்தாள். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் பட்டியலைப் பார்த்து, பெயருக்கு முன்னால் இதென்னம்மா, அச்சுப் பிழையா என்று கேட்டாராம்.

"நீ இன்னா சொன்ன?"

"அது வூட்டுப் பேரு எழுதற எடம் சார், எனக்கு இன்னும் வூடு கெடைக்கலைன்னு சொன்னேன் அக்கா. எப்பிடி வாயில வந்துச்சின்னே தெர்ல."

சொல்லிவிட்டு என் மேசையில் தலையை வைத்து அழுதுவிட்டாள். நூலகத்தில் ஒரு இருமல் கேட்டாலும் முறைக்கிறவள் நான். அன்று அவள் அழுது முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கண்ணும் காயவில்லை.

வேலை உத்தரவு வந்த வாரத்திலேயே அவள் அண்ணனும் வந்துவிட்டார். மாதம் முடிந்துவிட்டதல்லவா, பேசி வைத்தபடி தங்கையைக் கூட்டிப்போக வந்திருந்தார். அறையில் இருக்கிற சாமான்களைப் போட்டு எடுத்துப்போகக் காலி டிரங்குப் பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, புத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி விடுதிக்குப் போய், அவள் அங்கே இல்லை என்று நூலகத்துக்கே வந்து நின்றார். நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம். இந்த ஆளோடு நன்றாகச் சண்டை போட வேண்டும் என்று நான் சொற்களையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

என் மேசைப் பக்கத்தில் இருந்த அவள் உத்தரவை நீட்டினாள். அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது.

"இதுல யாரு பேரு போட்டுகீது?" என்று என்னைக் கேட்டார்.

"உங்க தங்கச்சி பேரு."

"அவுங்க வூட்டுப் பேரு?"

"இல்ல."

"நம்ப நைனா பேரு?"

"அதுவும் இல்லண்ணா," என்றாள் அவள். "வெறும் எம் பேருதான்."

அவர் அந்தக் காகிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார். நான் தயார் செய்து வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"எங்க தங்கப் போற?" என்று கேட்டார்.

"குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க."

"சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. நைனாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவரை, "அண்ணா, பெட்டி!" என்று அவள் கூப்பிட்டாள்.

அவர் திரும்பி வரவில்லை. "இருக்கட்டும், உன் வூட்டுக்கு ஆவும்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு படியிறங்கிப் போனார்.